பத்து மணிக்கு மேல்

விடியப்புறம் அது நல்ல பிள்ளை.
லேண்ட்மாஸ்டர் எஞ்சின் இருமி எழும்ப
சிலிண்டர் தண்டு பளபளவென்று நீளும்.
ஆப்பு போய்ப் பாலைக் கட்டையில் முட்டும்.
ஒரு கணம் யோசிக்கும் மரம்.
பிறகு நெடுகப் பிளந்து கிடக்கும்,
உள்ளே ஈரச் சிவப்பு.

பத்து மணிக்கு மேல்,
கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டத் தொடங்க,
அதே தண்டு பாதியில் நிற்கும்,
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.
பம்பு மட்டும் அலறும்,
பால்மா டின்னுக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கின சத்தம்.
நூற்றைம்பதில் நிற்க வேண்டிய கேஜ் முள்
நாற்பதில் நடுங்கும்.

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் எங்கள் கொட்டில்.
சிலிண்டர், பழைய இரும்புக்குப் போன டிப்பரின் வயிற்றில் இருந்தது.
பம்பு எந்த மெசினுடையதோ, விற்றவனுக்கே தெரியாது.
வெல்டிங் என்னுடையது.
அழகில்லை, ஆனால் விட்டுக்கொடுக்காது.

முதலில் றிலீஃப் வால்வைப் பிடித்தோம்.
அரைச் சுற்று இறுக்கினான் பெனில்டஸ்.
இன்னுமொரு கால் சுற்று.
முள் அசையவில்லை. அவன் கழுத்து நரம்புதான் புடைத்தது.
அடுத்த நாள் சிலிண்டரைக் கழற்றினோம்.
சீல் புதுசு போலவே இருந்தது.
இருந்தும் மாற்றினோம், கழற்றின குற்றத்துக்கு.
ஓ-ரிங் வந்த மட்டைப் பெட்டியை
வாசலில் நின்ற மான் தின்றுவிட்டுப் போனது,
அளவு எழுதியிருந்த பக்கத்தோடு.

தாங்கி மூடியைத் திறந்தால் ஒயில் முழுக்க நுரை,
ஆற்றின தேத்தண்ணி மாதிரி.
"எங்கேயோ காத்து இழுக்குது" என்றாள் தயாளினி,
கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு
மூட்டு மூட்டாய்க் கிறீஸ் அப்பினாள்.
சத்தம் மாறவில்லை.
கடைசியில் மரத்தையே பழி சொன்னோம்:
வீரை, கணு, கோணல் வைரம்.

கிண்ணியாவிலிருந்து சாபித்தீன் போன் எடுத்தார்:
"போறணை பசிச்சிக் கிடக்கு தம்பி.
நான் பாண் சுடவா, உண்ட மெசினுக்கு பாத்திஹா ஓதவா?"
அன்று இரவு கோடாலியால் எட்டு அந்தர் கொத்தினோம்.
காலையில் பிளேன்ரீக் கோப்பையைப் பிடிக்க
மூன்று பேருக்கும் விரல் மடங்கவில்லை.

கண்டுபிடித்தது கெட்டித்தனத்தால் அல்ல.
பத்தரைக்கு, ஒயில் சிந்தின நிலத்தில் சறுக்கி
நான் கை ஊன்றியது உறிஞ்சு குழாயில்.
அமுங்கியது.
கறுப்புத் தோலுக்குள் யாரோ
வயிற்றை எக்கிப் பிடித்திருந்தார்கள்.
எஞ்சினை நிறுத்த, பெருமூச்சு விட்டு உருண்டது.

வெளியே வெடிப்பில்லை, கசிவில்லை.
அறுத்துப் பார்த்தோம்.
உள்தோல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டி,
கடைசித் துளிவரை உறிஞ்சின ஐஸ் பக்கற்.
குளிர்ந்த ஒயிலுக்கு விறைப்பாக நின்றது
சூடேறச் சூடேற இளகி
தன் தொண்டையைத் தானே நெரித்திருக்கிறது.

உள்ளே கம்பிச் சுருள் இல்லாத குழாய்.
தண்ணி மோட்டருக்கு விற்பது.
வாங்கினது நான்.
"அதெல்லாம் சரியான சாமான்"
என்று பெனில்டஸ் கேட்ட இரண்டு தரமும் சொன்னதும் நான்.
வால்வைச் சந்தேகித்தேன், சீலை, ஒயிலை,
காட்டில் சும்மா நின்ற மரத்தைக்கூட.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அறுத்த துண்டை ஆணியில் மாட்டினான்,
போகவர என் நெற்றியில் இடிக்கும் உயரத்தில்.

கம்பி போட்ட குழாய் வந்தது.
பதினொரு மணி வெயில், பெரிய வீரைக் கட்டை.
முள் நூற்றைம்பதைத் தொட்டது.
நிற்கவில்லை.
நூற்றெண்பது. இருநூறு.
என் வெல்டிங் முனகியது.
மூவரும் ஒன்றாகத்தான் நினைத்தோம்:
முதல் நாள் இறுக்கின முக்கால் சுற்று!
பாய்ந்து எஞ்சினை நிறுத்தினது தயாளினி.

கால் கால் சுற்றாய், மூன்று தரம்,
இறுக்கின அதே கை திருப்பி விட்டது.

இப்போது வீரை பிளக்கிறது, மத்தியானத்திலும்.
பின் மூட்டில் மட்டும் நிமிடத்துக்கு ஒரு சொட்டு.
சிரட்டை வைத்திருக்கிறோம்.
அந்த மூட்டும் நான் பூட்டினதுதான்;
கேட்க முதலே சொல்லிவிட்டேன்.